வாங்கினால் எழுத வேண்டும்

(நம் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதை ஏறக்குறைய அப்படியே எழுதித் தந்திருக்கிறேன்.)



சாப்பாட்டுக்கு முன்னால் பேசுகிறவனுக்கு ஒரு ஆபத்து உண்டு. பின்னால் சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வர ஆரம்பித்துவிட்டது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வருஷம் நம் செயற்குழுவுக்கு இரண்டு புகார்கள் வந்தன. ஒன்று, நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி யாராவது ஒருவர் நிதி உதவி கேட்டுப் போடுகிறார், இதை நிறுத்த வேண்டும் என்பது. இரண்டாவது, ஒரு தங்கச்சி தெருவில் கிடந்த மூன்று நாய்க்குட்டிகளை எடுத்து வளர்த்து, 'நல்ல வீடு வேண்டும், ஒரு குட்டிக்கு 1,500 ரூபாய் தர வேண்டும்' என்று போட்டுவிட்டார். 'நாட்டு நாய்க்குட்டிக்கு ஆயிரத்து ஐநூறா? இது சங்கமா, சந்தையா?' என்று ஒரு அண்ணன் கேட்க, அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் சண்டை. 'பணம் என்ற பேச்சே குழுவில் வேண்டாம், பிறந்தநாள் வாழ்த்தோடு நிறுத்திக்கொள்வோம்' என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறார்கள். என்னை ஏன் அழைத்தார்கள் என்பது போகப் போகத் தெரியும்.

என் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளம். கண்மாயும், செம்மண்ணும், தைலமரக் காடும், நகரத்தார் வீடுகளும் உள்ள ஊர். அப்பா ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் ஊரில் அவரை 'மொய் வாத்தியார்' என்று சொன்னால்தான் தெரியும். கல்யாணம், காதுகுத்து, புதுமனை எதுவானாலும் பந்தல் வாசலில் மேஜை போட்டு மொய் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது வருஷமாக எழுதுகிறார். சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பணத்தை வாங்கிப் பைக்குள் போடுவது என் வேலை.

இப்போது ஒரு என்ஜினியராக யோசித்துப் பார்த்தால், அந்த மேஜையில் எத்தனை பாதுகாப்பு இருந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. நோட்டில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு ஆரம்பிப்பார். ஊர், பேர், தொகை மூன்றும் இல்லாமல் ஒரு வரி கிடையாது. கொடுப்பவர் எதிரிலேயே தொகையைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார். எழுதுகிறவர் பணத்தைத் தொட மாட்டார், பணத்தை வாங்குகிறவன் பேனாவைத் தொடக்கூடாது. பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை. கடைசியில் வீட்டுக்காரர் எதிரில் பணத்தை எண்ணி, நோட்டோடு ஒத்துப்பார்த்து, அதற்கப்புறம்தான் பந்தியில் போய் உட்காருவார். ஐம்பது ரூபாய் குறைந்தாலும் சாப்பிட மாட்டார். இவ்வளவையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பார்த்தும் படிக்கவில்லை.

2016 செப்டம்பரில் என் செட் நண்பன் ஒருவன் பைக் விபத்தில் அடிபட்டான். பெயர் சொல்லப் போவதில்லை. செய்தி வந்த ஒரு மணி நேரத்தில் குழுவில் நான்தான் எழுதினேன்: 'எல்லோரும் என் அக்கவுண்டுக்குப் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.' நம் பிள்ளைகள் கொட்டிவிட்டார்கள். சிலர் நேரில் வந்து ரொக்கமாகவும் கொடுத்தார்கள். மொத்தம் 3,46,500 ரூபாய். ஆஸ்பத்திரி பில் 2,38,200. ஆம்புலன்ஸ், வெளி மருந்து, கூட இருந்தவர்கள் சாப்பாடு, லாட்ஜ் வாடகை என்று இன்னொரு 67,300. இந்த இரண்டாவது தொகைக்கு என்னிடம் ரசீது கிடையாது. மீதி 41,000.

அந்த மீதியில் கொஞ்சம் பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டாக என் பீரோவில் இருந்தது. நவம்பர் 8 ராத்திரி அந்த நோட்டெல்லாம் செல்லாது என்று அறிவிப்பு வந்தது ஞாபகம் இருக்கும். என் பணத்தோடு சேர்த்து வரிசையில் நின்று கட்டினேன். அதோடு எது என் பணம், எது அவன் பணம் என்ற கோடு அழிந்துபோயிற்று. அதே அக்கவுண்டிலிருந்து வீட்டுக்கடன் தவணையும் போய்க்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் திருடவில்லை. மறந்துவிட்டேன்.

2017 மே மாதம் ஒருவர் குழுவில் கேட்டார்: 'மீதி ஏதாவது இருக்கிறதா?' ஒரே வரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?' என்று எழுதினேன். எனக்கு ஆதரவாகப் பத்து பேர், அவருக்கு ஆதரவாகப் பத்து பேர். அடிபட்டவனின் பெயரை வைத்து இரண்டு நாள் சண்டை. மூன்றாவது நாள் அவனே குழுவிலிருந்து விலகிவிட்டான்.

அப்புறம்தான் ஒரு விஷயம் தெரிந்தது. அந்த எட்டு மாதமும் அவன் பிசியோதெரபிக்கு மச்சினனிடம் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கென்று கொடுத்த 41,000 என் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. நேரில் போய்ப் பார்த்தபோது அவன் சொன்னது: "காசு குடுத்தீங்க, நல்லது. ஆனா என் பேரை நடுத்தெருவுல போட்டு ஏலம் விட்டீங்களேடா."

ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். எனக்கு ஆதரவாக இரண்டு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நோட்டு எங்கப்பா?"

"நோட்டு போடலப்பா. எல்லாம் நம்ம பசங்கதானேன்னு..."

"கேட்டவன் தப்பா கேக்கல. நீதான் எழுதல. நம்ம பசங்கங்கறதுக்காகத்தான் எழுதணும். அந்நியன்னா ஒரு தடவை ஏமாந்துட்டுப் போயிருவான். நம்மாளுன்னா காலத்துக்கும் மனசுல கிடக்கும்."

அன்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து பேங்க் புத்தகத்தை வைத்து ஒவ்வொரு வரியாக எழுதினோம். 67,300-க்கு ரசீது இல்லை என்பதையும் அப்படியே எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். 41,000-ஐ அவனிடம் சேர்த்தேன். கேள்வி கேட்டவருக்குப் போன் போட்டு மன்னிப்பும் கேட்டேன். பணம் சேர்ந்துவிட்டது. நட்பு சேர இன்னும் ஐந்தாறு வருஷம் ஆயிற்று.

இப்போது அடுத்த கதை. அரிமளத்துப் பக்கம் விசேஷ வீட்டு மொய்தான் வழக்கம். எங்கள் மாவட்டத்திலேயே ஆலங்குடி தாண்டி வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கமும், தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கமும் போனால் மொய் விருந்து என்று ஒன்று உண்டு. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம். மொய் வாங்குவதற்காகவே விருந்து வைப்பார்கள். ஆடி, ஆவணி மாதங்களில் பத்து இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே கறிச்சோறு, செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு நோட்டு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. உங்களுக்கு நான் ஆயிரம் செய்திருந்தால், என் விருந்துக்கு நீங்கள் அந்த ஆயிரத்தோடு மேற்கொண்டு ஒரு தொகை சேர்த்துச் செய்வீர்கள். ஒருவர் ஒருமுறை விருந்து வைத்தால் அடுத்த முறை ஐந்து வருஷம் கழித்துத்தான். அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள், தென்னந்தோப்பு வைத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் அந்தப் பக்கம் நிறைய. 2019-இல் ஒரே ஒருவருக்கு நான்கு கோடி ரூபாய் சேர்ந்ததாகப் பத்திரிகைகளில் வந்தது. இப்போது பணம் எண்ணும் மெஷினும், கம்ப்யூட்டர் ரசீதும் வந்துவிட்டன. அடிப்படை மட்டும் அந்த நோட்டுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி உள்ளே வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. கீரமங்கலம் பக்கம் தென்னை மரங்கள் தலைகீழாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நம் செட்டில் மறுபடியும் வசூல் செய்தோம். இந்த முறை பணம் இன்னொருவர் கணக்குக்குப் போனது. நோட்டு அப்பா கையில். அரிமளத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வந்ததையும் போனதையும் எழுதினார். தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, தண்ணீர் மோட்டார் ஓட்ட ஜெனரேட்டர் வாடகை, டீசல். ஒவ்வொன்றுக்கும் ரசீது.

ஒரு ஊரில் தார்ப்பாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். வயதான விவசாயி ஒருவர், எழுபது இருக்கும், கூரை போன வீட்டுக்குள் போய் ஈரத்தில் ஊறிப்போன ஒரு நோட்டை எடுத்து வந்தார். மொய் நோட்டு.

"எந்த ஊரு தம்பி?"

"அரிமளம்ங்க ஐயா. இது மொய் இல்லீங்க, நிவாரணம். எழுத வேண்டாம்."

"உங்களுக்கு நிவாரணம். எனக்கு வாங்குனது. வாங்குனா எழுதணும் தம்பி."

அரிமளம், தார்ப்பாய் ஒன்று, மெழுகுவத்தி ஒரு பாக்கெட் என்று எழுதிக்கொண்டார். ஐந்து வருஷத் தென்னை முழுவதும் போன மனுஷன். அந்தத் தார்ப்பாயை அவர் திருப்பிச் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எழுதியதால் அவர் பிச்சை வாங்கியவராக இல்லாமல் போனார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கணக்கு என்பது கொடுத்தவனின் சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் ஏற்பட்டது என்று நினைத்திருந்தேன். வாங்குகிறவனின் மானமும் அந்த நோட்டில்தான் இருக்கிறது. என் நண்பனுக்கு நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

ஆகவே தீர்மானத்துக்கு என் பதில்: பணம் கேட்பதைத் தடை செய்ய வேண்டாம். நாளைக்கு நம்மில் ஒருவருக்கு நள்ளிரவில் ரத்தமும் பணமும் தேவைப்பட்டால் வேறு எங்கே போய்க் கேட்பார்? பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டும் இருக்கிற உறவு என்ன உறவு? ஆனால் நோட்டு இல்லாமல் கேட்பதைத் தடை செய்யுங்கள்.

அதே நேரத்தில் மொய்யில் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாததும் ஒன்று உண்டு. மொய்யில் யார் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். திருப்பிச் செய்ய முடியாமல் நகையை அடகு வைத்தவர்கள் உண்டு. செய்ய முடியாத வெட்கத்தில் விசேஷத்துக்கே வராமல் இருந்தவர்களும் உண்டு. நம் குழுவில் 'இவர் பத்தாயிரம், இவர் இருநூறு' என்று பட்டியல் போட ஆரம்பித்தால், வேலை இல்லாமல் இருக்கும் நம் தம்பி ஒருவன் சத்தமில்லாமல் விலகிவிடுவான். அதனால் தனித்தனித் தொகை நோட்டில் மட்டும் இருக்கட்டும். மொத்த வரவு, மொத்தச் செலவு, ரசீது இவை எல்லோருக்கும் தெரியட்டும்.

செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது ஐந்து அம்சங்கள்.

ஒன்று: உதவி தேவை என்பதை நம் உறுப்பினர் இரண்டு பேராவது நேரில் பார்த்தோ, குடும்பத்தாரோடு பேசியோ உறுதி செய்ய வேண்டும். வேறு எங்கிருந்தோ வந்த படத்தை அப்படியே அனுப்பக் கூடாது. பாதிக்கப்பட்டவர் சம்மதம் இல்லாமல் அவர் பெயரோ, கட்டுப் போட்ட படமோ வேண்டாம்.

இரண்டு: தனிநபர் கணக்கு கூடாது. முடிந்தால் ஆஸ்பத்திரிக்கே நேராகக் கட்டலாம், இல்லாவிட்டால் சங்கக் கணக்கு. நம் சங்கம் 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவானது. கணக்கு வைப்பது நமக்கு எப்படியும் கடமைதான். எழுதுகிறவர் ஒருவர், பணம் கையாளுகிறவர் வேறொருவர்.

மூன்று: எவ்வளவு வேண்டும், எந்தத் தேதியோடு வசூல் முடிகிறது என்று முதலிலேயே சொல்ல வேண்டும்.

நான்கு: மீதி வந்தால் யாருக்குப் போகும் என்பதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். மீதிதான் நட்பைக் கெடுக்கிறது. பற்றாக்குறையால் யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஐந்து: முடிந்த முப்பது நாளுக்குள் கணக்கு. அதன் முதல் பிரதி வாங்கியவர் கையில்.

வெளிநாட்டு நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து முறைப்படி பேங்க் வழியாகச் சங்கத்துக்கு அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் வருஷத்துச் சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆசையில் அனுப்பிவிட்டுச் சங்கத்தை மாட்டிவிடாதீர்கள். முதலில் நம் ஆடிட்டரைக் கேளுங்கள்.

இனி நாய்க்குட்டி விஷயம். சிரிக்காதீர்கள், இதுவும் அதே நோட்டுதான்.

எங்கள் அப்பத்தா வீட்டு நாய் குட்டி போட்டால் யாருக்கும் சும்மா தர மாட்டார். "ஒண்ணேகால் ரூவா வச்சுட்டுத் தூக்கிட்டுப் போ" என்பார். அந்த ஒண்ணேகால் ரூபாயில் அவர் கோட்டையா கட்டப் போகிறார்? சும்மா வந்தது சும்மா போகும் என்பது அவர் கணக்கு. காசை வாங்கிக்கொண்டு நாலு நாள் கழித்து அந்த வீட்டுக்கே போய், குட்டிக்குச் சோறு வைத்தார்களா என்று பார்த்துவிட்டும் வருவார். தெற்கே கன்னி, சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்களில் சிலர் குட்டியை விற்க மாட்டார்கள், நன்றாகப் பார்த்துக்கொள்வதாக வாக்கு வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காசோ, வாக்கோ, ஏதோ ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டுதான் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தத் தங்கச்சியிடம் பேசினேன். 1,500 எதற்கு என்று கேட்டேன். தடுப்பூசி, பூச்சி மருந்து, ஒரு குட்டிக்குக் கால் கட்டு, ஆட்டோ, ஆறு வாரப் பால் என்று வரிசையாகச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் கைக்காசுதான் போயிருக்கிறது. "இதைக் குழுவில் எழுதியிருக்கலாமே அம்மா" என்றேன். "கேட்டவிதம் அப்படி அண்ணா, எழுதத் தோணல" என்றார். 2017-இல் நான் சொன்ன அதே பதில்! நியாயமான பணம்தான், நோட்டுதான் இல்லை.

அந்த அண்ணன் பயந்ததிலும் நியாயம் உண்டு. கட்டணம் என்று ஒரு வாசலைத் திறந்தால், குட்டி போடவைத்து விற்கிற வியாபாரி அதே வாசலில் நுழைவான். நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கென்று 2017-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. அதன்படி வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஆகவே விற்பனை நம் குழுவில் வேண்டவே வேண்டாம். எடுத்து வளர்த்த குட்டிக்கு ரசீது காட்டிச் செலவை வாங்கலாம், அதற்கு மேல் ஒரு பைசா கூடாது.

இன்னொரு யோசனையும் சொல்கிறேன். அந்தத் தொகையில் பாதியை முன்பணமாக வைத்துக்கொள்வோம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட வேண்டும், அப்புறம் வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடத்துவதும் வழக்கம். தடுப்பூசியும் கருத்தடையும் ஆனதற்குச் சீட்டு காட்டினால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். பெட்டைக் குட்டி என்று தெரிந்ததும் சாக்கில் கட்டி அடுத்த ஊர் எல்லையில் விடுகிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. கருத்தடைக்குப் பணம் திரும்ப வரும் என்றால் அந்தச் சாக்கு கொஞ்சம் தாமதமாக அவிழும். குட்டியை வாங்கிக்கொண்டு போகிறவரின் பெயர், ஊர் நோட்டில் இருக்கட்டும். இங்கேயும் வாங்கினால் எழுத வேண்டும்.

'அண்ணே, இதெல்லாம் ரொம்ப ரூல்ஸா இருக்கே, நட்புக்குள்ள இவ்வளவு கணக்கா?' என்று ஒரு தம்பி காலையில் காபி குடிக்கும்போது கேட்டான். தம்பி, ஒரு பாலத்துக்கு எடை வரம்பு எழுதி வைப்பது லாரிக்காரனை அவமானப்படுத்த இல்லையே. நாளைக்கும் பாலம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே.

அந்த நண்பன் இப்போது நன்றாக நடக்கிறான். கொஞ்சம் சாய்ந்து நடப்பான், அவ்வளவுதான். இந்தப் பேச்சை எழுதியதும் முதலில் அவனுக்குத்தான் படித்துக் காட்டினேன். 'பேர் மட்டும் வேணாம், மத்ததெல்லாம் சொல்லு' என்றான். இன்று இந்தக் கூட்டத்தில் அவன் இருக்கிறானா, எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்காதீர்கள். அவன் பெயரை இரண்டாம் முறை பொதுவில் இழுக்க எனக்கு உரிமை இல்லை.

அப்பா இன்று வர முடியவில்லை. அரிமளத்தில் ஒரு காதுகுத்து, மொய் எழுதப் போயிருக்கிறார். ஆனால் ஒரு பொருள் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இதோ, நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டிருக்கிறார். அதைச் செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். தீர்மானத்தை எப்படி முடிவு செய்தாலும், இந்த நோட்டை மட்டும் வெறுமையாக வைத்துவிடாதீர்கள்.